ஒரு தாள் எதைக் காக்கும்?



பிழைப்புக்காக ஊரை விட்டுப் பெருநகரங்களுக்கு வந்த நம்மவர்களில் அநேகர் இன்று சொந்தமாகச் சிறு தொழில் செய்து வருகிறோம். மாவு அரைத்து விற்கிறவர்கள், தையல் கடை வைத்திருக்கிறவர்கள், நாற்காலியும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவர்கள் என்று ஒவ்வொரு தமிழர் குடியிருப்பிலும் பலர் உண்டு. தொழிலுக்கு வேண்டிய முதலைக் கடன்பட்டாவது திரட்டிவிடுகிறோம். ஆனால் தொழிலுக்கு வேண்டிய தாள்களைக் குறித்து, ஒரு வழக்கோ வாக்குவாதமோ வரும்வரை நாம் யோசிப்பதில்லை. வந்த பின்போ, ஒரு தாள் இருந்தால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் இருக்கிற உண்மையை, மும்பையில் வாடகைக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் 2007ஆம் ஆண்டு இந்தத் தொழிலைத் தொடங்கினோம். முதலில் 200 பிளாஸ்டிக் நாற்காலிகளும், சமையல் அண்டாக்களும், இரண்டு பெரிய கேஸ் அடுப்புகளும் மாத்திரமே இருந்தன. பிறகு மைக் செட், ஜெனரேட்டர், பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த ஜம்பிங் பலூன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிறந்தநாள், நிச்சயதார்த்தம், சபைக் கூட்டம், துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் பொருள்கள் போகும். போன பொருள் முழுமையாகத் திரும்பி வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே வாடகை ஒப்பந்தம் என்பது எங்களுக்குப் படிப்புச் சமாச்சாரமல்ல, வயிற்றுச் சமாச்சாரம்.

நான் கையெழுத்திட்ட தாள்

மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே நான் கையெழுத்திட வேண்டிய தாள் ஒன்று வந்தது. அது கடைக்கான வாடகை ஒப்பந்தம். மும்பையில் இதை 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்பார்கள். கட்டட உரிமையாளர் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினார். அதில் ஒரு வரி இருந்தது. தண்ணீர், தீ, இடிபாடு உட்பட எந்தக் காரணத்தாலும் கடையில் உள்ள பொருளுக்கோ ஆளுக்கோ சேதம் நேரிட்டால் உரிமையாளர் பொறுப்பல்ல என்பதே அதன் பொருள். அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே மூழ்கியதை எல்லாரும் அறிவோம். அந்த வெள்ளத்தில் முன்பிருந்த கடைக்காரர் தன் சரக்கை இழந்து, உரிமையாளரிடம் நஷ்டஈடு கேட்டிருந்தார்.

குர்லா நீதிமன்றத்தில் பணி செய்கிற நம் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, பெருமழைக்கு அவர் பொறுப்பல்ல என்றால் நியாயம். ஆனால் அவருடைய கூரை ஒழுகுவதற்கும், அவருடைய சாக்கடை அடைத்துக்கொள்வதற்கும் நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? 'எந்தக் காரணத்தாலும்' என்ற இரண்டு சொற்களை அடிக்கச் சொல்லுங்கள்" என்றார். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, இடத்தை உபயோகிக்க அனுமதி கொடுப்பவர் தமக்குத் தெரிந்த ஆபத்தான குறைகளை அனுமதி பெறுகிறவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று சொல்வதையும் காட்டினார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உரிமையாளர் சற்று முணுமுணுத்தாரே தவிர, அந்தச் சொற்களை அடித்துவிட்டு, கூரையும் வடிகாலும் தம் பராமரிப்பு என்று கையால் எழுதி இருவரும் ஓரத்தில் கையொப்பமிட்டோம். அச்சடித்த தாளில் மாற்றம் கேட்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றி மகாராஷ்டிராவில் வாழ்கிற நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஊரில் '11 மாத ஒப்பந்தம்' என்று எழுதி, பதிவு செய்யாமல் விட்டுவிடுவது வழக்கம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் உண்டான பழக்கம் அது. இங்கே அது உதவாது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்விக்கிற பொறுப்பு உரிமையாளருடையது. அவர் செய்யாவிட்டால், நிபந்தனைகளைக் குறித்து வாடகைக்கு இருப்பவர் சொல்வதே, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, ஏற்றுக்கொள்ளப்படும். உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

செலவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு, மொத்த வாடகையும், திரும்பத் தரவேண்டிய டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் சேர்ந்த தொகையில் 0.25 சதவீதம் முத்திரைத் தீர்வை. மாதம் 20,000 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் டெபாசிட், இரண்டு ஆண்டு என்றால் வாடகை 4,80,000 ரூபாய், வட்டி 20,000 ரூபாய், மொத்தம் ஐந்து லட்சம். அதற்குத் தீர்வை 1,250 ரூபாய்தான். பதிவுக் கட்டணமும் அதைச் செய்துகொடுக்கிறவரின் கூலியும் தனி. வாய்வார்த்தையை நம்பிக் கடையை இழந்தவர்கள் இழந்த தொகையோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்?

நான் கையெழுத்து வாங்குகிற தாள்

இனி எங்கள் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வாங்குகிற தாளுக்கு வருகிறேன். வாடகைக்கு விடுகிற பொருளைக் குறித்து நம் தேசத்தில் தனிச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே, ஒருவர் பொருளை மற்றொருவர் கையில் ஒப்படைப்பதைக் குறித்து 148ஆம் பிரிவு முதல் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் அவற்றை எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

பொருளைப் பெற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிக்கிற அளவுக்கு அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அந்தக் கவனத்தோடு இருந்தும் பொருள் கெட்டுப்போனால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆம் பிரிவு. சொன்ன காரியத்துக்கல்லாமல் வேறு காரியத்துக்கு உபயோகித்தால் நேரிடும் சேதமெல்லாம் அவருடையது என்கிறது 154ஆம் பிரிவு. வீட்டு விசேஷத்துக்கு என்று வாங்கிப்போன ஜெனரேட்டரை, பக்கத்து மைதானத்தில் நடக்கும் கிரிக்கெட் போட்டியின் விளக்குகளுக்குக் கொடுத்து எரித்துவிட்டால் அது இந்தப் பிரிவில் வரும். குறித்த காலத்தில் திருப்பித் தராவிட்டால், அந்த நேரம் முதல் உண்டாகும் நஷ்டம் அவரைச் சேரும் என்கிறது 161ஆம் பிரிவு.

இவையெல்லாம் எங்களுக்குச் சாதகமானவை. மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்த என்னை வழக்கறிஞர் 150ஆம் பிரிவுக்குத் திருப்பினார். அது கொடுக்கிறவரைப் பற்றியது. இலவசமாக இரவல் கொடுக்கிறவர், தனக்குத் தெரிந்த குறையை மறைத்தால் மாத்திரமே பொறுப்பாளி. ஆனால் கூலிக்குக் கொடுக்கிறவரோ, பொருளில் உள்ள குறை தனக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும், அதனால் வாங்கினவருக்கு நேரிடும் சேதத்துக்குப் பொறுப்பாளி. கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. கூலி வாங்கினேன் அல்லவா? அந்தக் கூலியிலேயே, பொருளைப் பார்த்துச் சோதித்து அனுப்புகிற கடமையும் அடங்கியிருக்கிறது.

இதை மனதில் வைத்து, என் மனைவி ஒரே பக்கத்தில் ஒரு வாடகைச் சீட்டை எழுதினாள். கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுக்கிற புத்தகமாக அச்சடித்தோம். வாங்குகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டையின் விவரம். எந்தப் பொருள், எத்தனை, எந்த நிலையில். எந்த இடத்தில், எந்த விசேஷத்துக்கு. எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போகிறது, எப்போது திரும்ப வேண்டும். வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு. உடைந்தால் ஒரு நாற்காலிக்கு எவ்வளவு, ஒரு அண்டாவுக்கு எவ்வளவு. தாமதமானால் ஒரு நாளைக்கு எவ்வளவு. மைக் செட்டுக்கு மாத்திரம் கூடுதலாக ஒரு வரி: காவல்துறை அனுமதி வாங்குவது வாடிக்கையாளர் பொறுப்பு, இரவு 10 மணிக்கு நிறுத்தப்படும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. நள்ளிரவு வரை சலுகை உள்ள நாள்களை மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்துக்கு மிகாமல் அறிவிக்கும்.

உடைந்த பொருளுக்கு என்ன தொகை எழுதுவது என்பதில் எங்கள் வீட்டில் சற்று வாதம் நடந்தது. 500 ரூபாய் நாற்காலிக்கு 1,500 ரூபாய் என்று எழுதினால் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். "நாம் வாங்கின விலையையும் கொண்டுவரும் கூலியையும் எழுதினால் போதுமே" என்றாள் அவள். சட்டமும் அவள் பக்கம்தான் நின்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, தாளில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈடு மாத்திரமே கிடைக்கும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு, அவ்வளவே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, மிதமிஞ்சிய டெபாசிட்டையும் நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தையும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே வகைப்படுத்தி, மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இடம் கொடுத்திருக்கிறது.

'பொறுப்பல்ல' என்ற சொல்லின் பலம்

ஜம்பிங் பலூன் வாங்கினபோதுதான் பொறுப்பு விலக்குப் பத்திரம் என்ற பேச்சு வந்தது. அதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர், அந்நிய நாட்டில் உபயோகிக்கிற ஒரு படிவத்தைக் கொண்டுவந்து தந்தார். காயமோ மரணமோ நேரிட்டாலும், அது எங்கள் கவனக்குறைவால் நேரிட்டாலும், எங்கள்மேல் வழக்குத் தொடர மாட்டேன் என்று வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டும் என்பதே அதன் சாரம். அதைப் படித்தபோது என் கடை உரிமையாளர் எழுதியிருந்த 'எந்தக் காரணத்தாலும்' என்ற சொற்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. எனக்கு அநியாயமாகத் தெரிந்ததை நான் மற்றவன்மேல் எப்படிச் சுமத்துவேன்?

நியாயம் ஒருபுறமிருக்க, அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பதையும் கேட்டறிந்தேன். வழக்கறிஞர் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னார். ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் 1960களில் நடந்தது. சலவைக் கடையில் கொடுத்த ஒரு புதுப் புடவை காணாமற்போயிற்று. பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவீதம் மாத்திரமே தருவோம் என்று கடையின் ரசீதில் அச்சிட்டிருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. மற்றது உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் அளித்தது. 1998ஆம் ஆண்டு டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த விருந்தினர் தம் மாருதி காரின் சாவியை வாயிலில் ஊழியரிடம் ஒப்படைத்தார். கார் திருடு போயிற்று. காரை நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டில் எழுதியிருக்கிறது என்றது ஓட்டல். பொருளைத் தன் வசம் பெற்றுக்கொண்டவர், தம் சொந்தக் கவனக்குறைவுக்கு அந்தச் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்றது உச்சநீதிமன்றம்.

மேலும், நீதிமன்றத்துக்கே போகக்கூடாது என்று முற்றிலும் தடுக்கிற ஒப்பந்தம் 28ஆம் பிரிவின்படி செல்லாது. 18 வயது நிரம்பாதவர் இட்ட கையெழுத்தும் செல்லாது. 1903ஆம் ஆண்டிலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிற பையன் மைக் செட் கேட்டு வந்தால், அவன் தகப்பனாரையோ தாயாரையோ அழைத்துவரச் சொல்கிறோம்.

அப்படியானால் பொறுப்பு விலக்குப் பத்திரம் வீண்தானா? அப்படியல்ல. அதைச் சரியான விதத்தில் எழுத வேண்டும். 'நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதுவதற்குப் பதிலாக, எது யாருடைய பொறுப்பு என்று பிரித்து எழுத வேண்டும். எங்கள் பலூன் சீட்டில் இடது பக்கம் எங்கள் கடமைகள்: பலூனைக் கிழிசல் பார்த்துக் கொண்டுவருவோம், எல்லா வளையங்களிலும் கயிறு கட்டித் தரையோடு பிணைப்போம், காற்றடிக்கும் மோட்டாரின் வயரைப் பிள்ளைகள் கால்படாமல் போடுவோம், எங்கள் ஆள் ஒருவர் கடைசிவரை அருகில் நிற்பார், காற்று பலமாக வீசினாலோ மழை வந்தாலோ பிள்ளைகளை இறக்கிவிட்டு நிறுத்திவிடுவோம். வலது பக்கம் வாடிக்கையாளரின் கடமைகள்: ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் மாத்திரம், பெரியவர்கள் ஏறக்கூடாது, செருப்பு, மூக்குக்கண்ணாடி, கூர்மையான பொருள் கூடாது, எங்கள் ஆள் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். கீழே இரண்டு கையொப்பம்.

காற்றைப் பற்றி எழுதியது மிகையான பயமல்ல. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், டெவன்போர்ட் என்ற ஊரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் இப்படிப்பட்ட பலூனைக் காற்று தூக்கிக்கொண்டு போனதில் ஆறு பிள்ளைகள் மரித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் எங்களுக்கு இரண்டு பலூன் ஆர்டர் இருந்தது. கையெழுத்து வாங்குவதைவிடக் கயிற்றைக் கட்டுவதே முக்கியம் என்பதை எங்கள் பையன்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கையெழுத்திடாத தகப்பன்

2018ஆம் ஆண்டு ஒரு குடியிருப்பு வளாகத்தில் பிறந்தநாள் விருந்து. எங்கள் ஆள் பலூன் அருகிலேயே நின்றான். இரவு எட்டு மணியளவில் விருந்து வைத்தவரின் உறவினர் ஒருவர், வீடியோ எடுப்பதற்காகப் பிள்ளைகளோடு தாமும் ஏறினார். எங்கள் ஆள் இரண்டு முறை தடுத்தும் அவர் கேட்கவில்லை. அவர் குதித்த வேகத்தில் ஓரத்தில் இருந்த ஏழு வயதுச் சிறுமி தூக்கியெறியப்பட்டு வெளியே விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மறுநாள் காலை அந்தச் சிறுமியின் தகப்பனார் கடைக்கு வந்தார். அவர் விருந்து வைத்தவரல்ல, விருந்துக்கு வந்தவர். எந்தச் சீட்டையும் அவர் பார்த்ததில்லை, கையெழுத்திட்டதுமில்லை. இதுதான் பொறுப்பு விலக்குப் பத்திரத்தின் பெரிய எல்லை. கையெழுத்திட்டவரையே அது கட்டும். அடிபட்ட பிள்ளையையும் அதன் தகப்பனையும் அது கட்டாது. அவரிடம் நான் சீட்டை நீட்டி 'நாங்கள் பொறுப்பல்ல' என்று சொல்லியிருந்தால், அது சட்டத்திலும் நின்றிராது, மனுஷத்தன்மையிலும் நின்றிராது.

அவர் கோபமாகப் பேசவில்லை. இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "உங்கள் ஆள் அங்கே இருந்தானா?" இருந்தான் என்றேன். அவனையே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு சீட்டைக் காட்டினேன். பெரியவர்கள் ஏறக்கூடாது என்ற வரியும், விருந்து வைத்தவரின் கையொப்பமும் அதில் இருந்தன. அதன்பின் பேச்சு அந்த இரண்டு குடும்பங்களுக்குள் நடந்தது. மருத்துவச் செலவை ஏறிக் குதித்தவரே ஏற்றுக்கொண்டார். நானும் என் மனைவியும் பழம் வாங்கிக்கொண்டு சிறுமியைப் பார்க்கப் போனோம். அவள் கட்டுப் போட்ட கையில் தன் சிநேகிதிகளிடம் பெயர் எழுதி வாங்கியிருந்தாள். எங்களையும் எழுதச் சொன்னாள்.

அந்தத் தாள் அன்று எங்களை வழக்கிலிருந்து விலக்கவில்லை. முன்னமே எச்சரித்திருக்கிறோம் என்பதற்கு அது சாட்சியாக நின்றது. எங்கள் ஆள் அங்கே நின்றதும் சாட்சியாக இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைய பேச்சு வேறுவிதமாகப் போயிருக்கும். யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இரவல் வாங்கின மிருகத்தைப் பற்றிய பிரமாணத்திலும், அதன் உடையவன் கூட இருந்தானா இல்லையா என்பதும், அது கூலிக்கு வந்ததா என்பதும் விசாரிக்கப்படுகிறதை வாசிக்கிறோம். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் கேள்வி மாறவில்லை.

நம்மவர்களிடம் பத்திரம் கேட்கலாமா?

"நாம் எல்லாரும் ஒரே சபை, எனக்கும் சீட்டா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்கிறபோது தர்மசங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கண்ட அளவில், அந்நியரிடம் வந்த தகராறு பணத்தோடு முடிந்துவிடும். நம்மவரிடம் வந்த தகராறு ஆண்டுக்கணக்கில் முகம் பாராத பகையாகிவிடும். போனது 150 நாற்காலியா 140 நாற்காலியா என்ற கேள்விக்கு, இருவருமே உண்மை பேசுகிறபோதும், இரண்டு பதில் வரலாம். தாள் இருந்தால் ஞாபகத்துக்கும் ஞாபகத்துக்கும் சண்டை வராது. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கியது அந்நியரிடமல்ல, தன் பெரிய தகப்பன் மகனிடம். அப்படியிருந்தும் பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக வைத்தார் என்று அந்த ஆகமத்தின் 32ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்களிடமும் இரண்டு பிரதிதான். ஒன்று உங்களுக்கு, ஒன்று எங்களுக்கு என்று சொல்லிக் கொடுக்கிறோம். சபைக் காரியத்துக்கு வாடகையைக் குறைப்போம், சீட்டைக் குறைப்பதில்லை.

எங்கே, எப்படிப் பெறுவது?

இந்தத் தாள்களை எங்கே வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்கிறவர்களிடம் ஆயத்தப் படிவங்கள் கிடைக்கும். ஆனால் அவை உங்கள் தொழிலை அறிந்து எழுதப்பட்டவையல்ல. முதலில் உங்கள் பொருளில் என்னென்ன விபரீதம் நேரிடலாம் என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதுங்கள். அதை வழக்கறிஞரிடம் கொண்டுபோய் ஒரே ஒருமுறை படிவமாக எழுதி வாங்குங்கள். பிறகு அதையே ஆண்டுக்கணக்கில் உபயோகிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், குறித்த வரம்புக்குள் வருமானமுள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தொழில் மனைவியின் பெயரில் இருந்தால் அவரே போய்க் கேட்கட்டும்.

தாளை வாடிக்கையாளருக்குப் புரிகிற மொழியில் வையுங்கள். எங்களுடையது ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் தமிழ். வாசிக்கத் தெரியாதவருக்கு முக்கியமான நான்கு வரிகளை வாசித்துக் காட்டிவிட்டே கையெழுத்து வாங்குகிறோம். ரசீதின் பின்பக்கத்தில் எறும்பைப்போல அச்சடித்த நிபந்தனைகளை நம்பியிராதேயுங்கள். பொருளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கைப்பேசியில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாளில் எழுதினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று அநேகர் நினைக்கிறார்கள். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே, நிரூபிப்பதுதான் கடினம். தீர்வை செலுத்த வேண்டிய தாளில் அது செலுத்தப்படாதிருந்தால், தீர்வையையும் அபராதத்தையும் கட்டிய பின்பே நீதிமன்றம் அதைச் சாட்சியாக ஏற்கும். எந்தத் தாளுக்கு எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெனரேட்டரை மாதக்கணக்கில் விடுவது போன்ற பெரிய வாடகைக்கு முத்திரைத்தாளை உபயோகிப்பதே நலம். பாக்கி நின்ற வாடகைக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தான் தவணை என்பதையும் மறவாதிருங்கள்.

கடைசியாக, தாள் செய்ய முடியாததைக் காப்பீடு செய்யும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் கடைக்காரர்களுக்கென்று பாலிசிகளை வைத்திருக்கின்றன. அவற்றில் பிறருக்கு நேரிடும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொதுப் பொறுப்புப் பகுதி உண்டா, கடைக்கு வெளியே பொருள் போகிற இடத்திலும் அது செல்லுமா என்று இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் வாங்கிய பாலிசி, நம்மைப் போன்ற வாடகைத் தொழிலுக்கு அதிகம் உதவாது.

பிரியமானவர்களே, நாளைக்கே உங்கள் பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'பொறுப்பல்ல' என்று எங்கெல்லாம் அச்சிட்டிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் 'இது எங்கள் பொறுப்பு, இது உங்கள் பொறுப்பு' என்று இரண்டாகப் பிரித்து எழுத முடியுமா என்று யோசியுங்கள். எழுதிய பிறகு, உங்கள் பக்கத்தில் எழுதினதை முதலில் நிறைவேற்றுங்கள். அப்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு யார் முன்பாகவும் தைரியமாக நிற்கலாம்.